தராசுப் பெட்டியில் 2 மி.மீ. இடைவெளி

சமையலறைக்கு ஒரு சின்ன டிஜிட்டல் தராசு நானே செய்தேன். 5 கிலோ வரை எடையை உணரும் லோடு செல், அதன் சிக்னலை எண்ணாக மாற்றும் ஹெச்எக்ஸ்711 போர்டு, நிரலை ஓட்ட ஒரு ஆர்டுயினோ போர்டு, சின்னத் திரை. பெட்டியையும் நானே வரைந்து 3டி பிரின்டரில் அச்சிட்டேன். மேசையில் திறந்தபடி வைத்துச் சோதித்தபோது எடை சரியாக வந்தது. பெட்டிக்குள் பூட்டியதும் 500 கிராமுக்கு 430 காட்டியது. அதையே மூலைக்கு நகர்த்தினால் வேறு எண்.

இரண்டு நாள் நிரலைத்தான் குடைந்துகொண்டிருந்தேன். தப்பு அங்கே இல்லை. லோடு செல் என்பது எடை ஏறும்போது மிக நுண்ணிய அளவில் வளையும் உலோகக் கட்டை. அந்த வளைவைத்தான் அதில் ஒட்டியுள்ள ஸ்ட்ரெயின் கேஜ்கள் அளக்கின்றன. ஒரு முனையை அடித்தளத்திலும் மறுமுனையை மேல்தட்டிலும் பூட்ட வேண்டும், நடுப்பகுதி எதையும் தொடக் கூடாது. நான் அடித்தளத்தோடு ஒட்டியே பூட்டியிருந்தேன். மேல்தட்டும் பெட்டிச் சுவரில் உரசியது. எடையில் ஒரு பங்கைச் சுவரே தாங்கிக்கொண்டது.

இரு முனையிலும் வாஷர் கொடுத்து 2 மி.மீ. தூக்கினேன். சுவரைக் குறைத்து மறுபடி அச்சிட்டேன். தட்டு தொய்யாமலிருக்க அடியில் குறுக்குச் சட்டங்கள். அப்புறம் தெரிந்த எடையை வைத்து அளவைத் திருத்தினேன். நான்கு மூலையிலும் ஒரே எண்! அந்த மகிழ்ச்சி தனி.

முதல் பெட்டி பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக். அது 60 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகத் தொடங்கும், அடுப்புப் பக்கம் ஆகாது. இரண்டாவதை இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும் பிஇடிஜி பிளாஸ்டிக்கில் போட்டேன். இருந்தாலும் கொதிக்கும் பாத்திரத்தை அதன்மேல் நேராக வைப்பதில்லை.