எழுத்து வந்த கதைகளைக் கேட்பதும் ஒப்பிடுவதும்

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில், படிக்காத பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது நான் தொண்டராகச் சேர்ந்தேன். பத்தொன்பது வயது. அப்போது அந்த வகுப்புகளில் படித்தவர்களைத் தேடிப் போய், அவர்கள் கதையை இப்போது நோட்டில் எழுதிவருகிறேன். நீங்கள் உங்கள் வீட்டிலேயே தொடங்கலாம்.

"எப்போது படிக்கக் கற்றீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எனக்கு எங்க படிப்பு?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எதில் எழுதிப் பழகினீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள், யாரும் சொல்லாமல் தானாகப் படித்த முதல் சொல் எது. இந்த மூன்றையும் எல்லோரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள். ஆளுக்கொரு கேள்வி கேட்டால் பிறகு ஒப்பிட முடியாது. புளியில் கொட்டை எடுக்கும்போது கேட்டால் பேச்சு தானாக வரும். மகன், மருமகள் எதிரில் வேண்டாம்.

என் தாத்தா திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதியவர். ஆத்திசூடி முதலில் வாய்க்கு வந்தது, எழுத்து அப்புறம்தான். எங்கள் அறிவொளி வகுப்பிலோ பழகிய சொல்லைக் காட்டி, அதிலிருந்து எழுத்தைப் பிரித்தோம். அதனால் தாத்தா வாங்கிய அடியையும் மனப்பாடத்தையும் சொல்வார், வகுப்புக்கு வந்த பெண்கள் பஸ் போர்டைச் சொல்வார்கள். யார் எந்த வழியில் கற்றார் என்பதைக் கதைக்கு மேலேயே குறித்துவையுங்கள்.

முடிந்தால் ஒரே வகுப்பை இரண்டு பேரிடம் கேளுங்கள். எங்கள் வகுப்பைப் பற்றி என் நோட்டில் அரிக்கேன் விளக்கு, கல்குவாரி வேலை முடித்து வந்த பெண்கள், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த நான், எல்லாம் இருந்தது. அங்கே படித்த ஒரு அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "நீ எங்க தம்பி சொல்லிக்குடுத்த? தூங்கி வழிஞ்ச. மூணாப்பு படிச்ச எம்மவதான் சொல்லிக்குடுத்தா" என்றார். அந்த நாள்களில் எங்கள் மாவட்டத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் பழகினார்கள். அக்காவும் பழகி, தனியாகப் பக்கத்து ஊருக்குப் போனபோது ஒரு ரேஷன் கடைப் பலகையைப் படித்ததுதான் அவருக்கு முதல் வாசிப்பாம். அதில் நான் இல்லவே இல்லை. திருத்தாமல் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்தில் எழுதிவைத்தேன்.

கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர்களைத் தனியாகக் குறியுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில், ஏதாவது ஒரு மொழியைப் புரிந்துகொண்டு எழுதவும் படிக்கவும் தெரிந்தவருக்குத்தான் எழுத்தறிவு உண்டு. ஆனால் கைநாட்டை விட்ட நாளை அவர்கள் கல்யாண நாள்போலச் சொல்வார்கள், விட்டுவிடாதீர்கள். கற்று மறந்தவர்களிடம் எப்போது, ஏன் விட்டுப்போனது என்று கேளுங்கள்.

ஒவ்வொரு கதைக்கும் கீழே அரைப் பக்கம் காலியாக விடுங்கள். அடுத்த முறை போகும்போது வேறொன்று சொல்வார்கள்.