கிளிமஞ்சாரோ தூசியும் ஜாக்கெட் ஜிப்பும்

குமுளியிலிருந்து ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலைக்குக் கிளம்பும்போது மூச்சுத் திணறலைப் பற்றித்தான் பயந்தேன். படுத்தியது என்னவோ ஜாக்கெட் ஜிப். 4,000 மீட்டருக்கு மேல் பச்சை அருகிப்போய், எரிமலைப் பாறை நொறுங்கிய தூசிதான் எங்கும். ஜிப் பாதியில் நின்றுவிட்டது.

உதட்டுக்குப் பூசும் களிம்பை ஜிப்பில் தடவினேன். சாயங்காலம் வழுக்கிக்கொண்டு ஓடியது. மறுநாள் காலையில் ஜிப்பின் பல்லிடுக்கெல்லாம் கறுப்புப் பசை; பிசுக்கு தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டது. மலையின் உச்சியான 5,895 மீட்டர் உகுரு முனைக்கு, நெஞ்சில் நாலு ஊக்கு குத்திக்கொண்டுதான் ஏறினேன்.

ஊருக்கு வந்து வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். இப்போது ஜிப் ஓடியது, ஆனால் மூடமூடப் பின்னாலேயே பிளந்தது. பை தைக்கும் அண்ணன், "முழுசா மாத்தணும் தம்பி" என்றார். பல்லை ஊசியால் நெம்பிப் பார்த்ததில் இன்னும் இரண்டு நாள் போச்சு.

அப்புறம்தான் இழுக்கிற ஓட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பல் ஒன்றுகூட உடையவில்லை. ஓட்டியின் உள்பக்கம் அரத்தால் ராவியதுபோலத் தேய்ந்து, பின்வாய் ஒரு நூல் அகன்றிருந்தது. அதாவது, பற்கள் சேர்ந்து வெளிவரும் பக்கம். அங்கே மட்டும், இடது ஓரம் ஒரு அழுத்து, வலது ஓரம் ஒரு அழுத்து என்று பிளேயரால் மெல்ல இறுக்கினேன். ஒரேயடியாக அழுத்தினால் ஓட்டி உடைந்துவிடும். எண்ணெய்க்குப் பதில் பென்சில் முனையைப் பல்மேல் தேய்த்தேன்.

கழுத்துவரை மூடிக்கொண்டது. அப்பாடா!