கருப்பு வானத்தில் ஒளி வர மறுத்தால்: கிரிட்டாவில் ஓரியன் நெபுலா வரைவது

இரண்டு மாலைகளை வீணாக்கிய பிறகுதான் இது புரிந்தது. ஓரியன் விண்மீன் குழுவில் இருக்கும் ஒளிரும் வாயு மேகமான ஓரியன் நெபுலாவை வரைய உட்கார்ந்தேன். கேன்வாஸ் முழுக்கச் சுத்தக் கருப்பு. அதற்கு மேல் ஒரு லேயர் போட்டு, மோடைக் (மேல் லேயர் கீழே இருப்பதோடு எப்படிக் கலக்க வேண்டும் என்பதை) ‘கலர் டாட்ஜ்’ ஆக்கிவிட்டு (விண்வெளிப் படத்துக்கு அதுதான் என்று எங்கேயோ கேட்டிருந்தேன்) இளஞ்சிவப்பில் ஏர்பிரஷ் ஓட்டினேன். ஒன்றுமே தெரியவில்லை. பேனா கெட்டுவிட்டது என்று நினைத்து டிரைவரை நீக்கி மறுபடி போட்டேன். பேனாவில் ஒரு கோளாறும் இல்லை. அந்தக் கதைக்குப் படி 2-இல் வருகிறேன்.

லேயர் என்றால் என்ன, பிரஷ் அளவை எப்படி மாற்றுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நான் பயன்படுத்துவது கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள். இலவசம், எனக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. மற்ற மென்பொருள்களிலும் இதே மோடுகள் இருக்கும், இடம்தான் மாறும்.

படி 1: கேன்வாஸ்

3000 × 2000 பிக்சல் போதும். புதிய கோப்பு திறக்கும்போது டெப்த் என்ற இடத்தில் 8 பிட்டை விட்டு 16 பிட் இன்டீஜரைத் தேர்ந்தெடுங்கள். விண்வெளிப் படத்தில் பெரும்பகுதி இருட்டுதான். இருட்டிலிருந்து மெல்லிய நீலத்துக்கு 1500 பிக்சல் தூரம் நிறம் மாறுகிறது என்று வையுங்கள். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு மொத்தமே 256 படிகள். அந்த இருட்டுப் பகுதிக்குக் கிடைப்பது 30 படிகள் என்றால், ஒவ்வொரு படியும் 50 பிக்சல் அகலப் பட்டையாகத் தெரியும். 16 பிட்டில் படிகள் 65,536. விலை நினைவகம்தான்: இந்த அளவில் முழுதாக நிரம்பிய ஒரு லேயர் 48 எம்பி, 8 பிட்டானால் அதில் பாதி. 4 ஜிபி மடிக்கணினி என்றால் கேன்வாஸைச் சுருக்குங்கள், பிட்டைக் குறைக்காதீர்கள்.

பின்னணிக்குச் சுத்தக் கருப்பு வேண்டாம். கருநீலமோ கரும்பழுப்போ கொஞ்சம் கலந்த இருட்டைப் பூசுங்கள்.

படி 2: எந்த மோடு எங்கே

நான் விழுந்த குழி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். 0 என்றால் கருப்பு, 100 என்றால் முழு வெளிச்சம் என்று வைத்துக்கொள்வோம். மேல் லேயரில் 50 அளவு ஒளி பூசுகிறீர்கள்.

கீழே 10 இருந்தால், ‘ஸ்கிரீன்’ மோடு 55 தரும். ‘அடிஷன்’ 60 தரும். கலர் டாட்ஜ் வெறும் 20 தரும். கீழே 40 இருந்தால் கணக்கு மாறுகிறது: ஸ்கிரீன் 70, அடிஷன் 90, டாட்ஜ் 80.

டாட்ஜ் ஒளியைச் சேர்ப்பதில்லை, கீழே இருப்பதைப் பெருக்குகிறது. 10-ஐ இரண்டு மடங்காக்கினால் 20, 40-ஐ ஆக்கினால் 80. 0-ஐ எத்தனை மடங்காக்கினாலும் 0. என் கருப்புக் கேன்வாஸில் நடந்தது அவ்வளவுதான். ஈர விறகில் ஊதாங்குழல் வைத்து ஊதிக்கொண்டிருந்திருக்கிறேன். தணல் இருந்தால்தானே ஊதினால் பற்றும்?

ஆகவே வரிசை இப்படி: முதலில் ஸ்கிரீனில் மெல்லிய நிறப்படலம், அதன்மேல் விண்மீன்களுக்கும் அவற்றின் ஒளிவட்டத்துக்கும் அடிஷன், கடைசியாக ஏற்கெனவே வெளிச்சமான இடங்களைக் கொளுத்த மட்டும் டாட்ஜ். டாட்ஜில் வெள்ளையை எடுக்காதீர்கள். நடுத்தரச் சாம்பலோ மங்கிய ஆரஞ்சோ போதும், அதற்கே பற்றிக்கொள்ளும்.

படி 3: நெபுலாவின் நிறம்

கண்ட நிறத்தையும் அள்ளிப் பூசினால் ஹோலிப் படம் மாதிரி ஆகிவிடும். ஓரியன் நெபுலாவில் சிவப்பு எங்கிருந்து வருகிறது? ஹைட்ரஜன் 656 நானோமீட்டரில் ஒளிர்வதால். நடுவில் தெரியும் நீலப்பச்சை, இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் 501 நானோமீட்டரில் ஒளிர்வது. இந்த வாயுக்களைப் புற ஊதாக் கதிரால் தூண்டுவது நடுவில் இருக்கும் டிரபீசியம் என்ற சூடான இளம் விண்மீன் கூட்டம். அதனால் நடுவில் நீலப்பச்சை கலந்த வெளுப்பு, வெளியே போகப் போகச் சிவப்பு, விளிம்பில் கரும்பழுப்புத் தூசி. இதை மனதில் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

வெறும் கண்ணில் இது சாம்பல் திட்டாகத்தான் தெரியும் என்பது வேறு விஷயம். தை மாத இரவில் மொட்டைமாடிக்குப் போய் ஓரியனின் இடுப்புப் பட்டைக்குக் கீழே பாருங்கள்.

பெரிய ஏர்பிரஷ், 10 சதவீத ஓட்டம் (பிரஷ் அமைப்பில் ‘ஃப்ளோ’). பூசிவிட்டு, அழிப்பானால் தூசி மேகங்களின் வடிவத்தை வெட்டியெடுங்கள். ஒளியை வரைவதைவிட ஒளியை மறைக்கும் இருட்டை வரைவதில்தான் எனக்கு அதிக நேரம் போகிறது. ரெடிமேட் நெபுலா பிரஷ்கள் எனக்குப் பிடிக்காது. எல்லாருடைய வானமும் ஒன்றுபோல ஆகிவிடுகிறது.

படி 4: விண்மீனும் ஒளிவட்டமும்

லேயர் ஸ்டைலில் ‘அவுட்டர் குளோ’ இருக்கிறதே என்பீர்கள். முயன்று பாருங்கள், கடை போர்டு மாதிரி இருக்கும். உண்மையான ஒளிவட்டம் நடுவில் சட்டென்று விழுந்து, பிறகு வெகுதூரம் மெதுவாக இழுத்துக்கொண்டு போகும். ஒரே மங்கலில் அது வராது. மூன்று அடுக்கு போடுங்கள்.

முதல் லேயரில் 12 பிக்சல் வெள்ளைப் புள்ளி. அடுத்ததில் 40 பிக்சல் புள்ளி, இளநிறம். காசியன் பிளர் (மங்கலாக்கும் ஃபில்டர்) 30. மூன்றாவதில் 200 பிக்சல், அடர்நிறம், பிளர் 120, ஒபாசிட்டி 25 சதவீதம். மூன்றும் அடிஷன்.

அந்த 12 பிக்சல் புள்ளியையே நகலெடுத்து 120-இல் மங்கலாக்கினால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்தச் சின்னப் புள்ளியின் ஒளி அதைவிடச் சுமார் நூறு மடங்குப் பரப்பில் பரவி, இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அதனால்தான் ஒவ்வொரு அடுக்குக்கும் பெரிய புள்ளி.

நடு எப்போதும் வெள்ளை, நிறம் சுற்றிலும்தான். திருவாதிரைக்குச் செம்மஞ்சள் வட்டம், ரைஜலுக்கு நீலவெள்ளை. இப்படிப் பெரிய விண்மீன் ஒரு படத்தில் நான்கைந்து போதும். மீதியெல்லாம் 1 முதல் 3 பிக்சல் பொடிகள்.

படி 5: கதிர்க் கோடுகள்

மென்மையான வட்டம் ஒன்று போட்டு, கன்ட்ரோல் டி அழுத்தி, ஊசி போல நசுக்கி நீட்டுங்கள். நகலெடுத்து 90 டிகிரி திருப்பினால் ஹப்பிள் பாணி: நான்கு கதிர். அந்தத் தொலைநோக்கியில் துணைக் கண்ணாடியைத் தாங்கும் நான்கு தண்டுகளால் வருவது அது. ஜேம்ஸ் வெப் பாணி வேண்டுமென்றால் 60 டிகிரி இடைவெளியில் ஆறு நீளக் கதிர், குறுக்கே இரண்டு குட்டைக் கதிர். அறுகோணக் கண்ணாடிகளும் தாங்கு தண்டுகளும் சேர்ந்து தருபவை.

கதிர் கருவியிலிருந்து வருகிறதே தவிர விண்மீனிலிருந்து அல்ல. அதனால் ஒரு படத்தில் எல்லா விண்மீன்களின் கதிர்களும் ஒரே கோணத்தில்தான் நிற்கும். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பக்கம் திருப்பி அழகுபடுத்தாதீர்கள். என் முதல் படத்தில் அதைத்தான் செய்திருந்தேன். நண்பர்கள் யாரும் சொல்லவும் இல்லை.

சேர்க்கை 1: விண்மீன் லேயர்களைக் குழுவில் போட்டதும் ஒளி செத்துவிட்டது என்று இரண்டு பேர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். குழுவுக்குள் இருக்கும் அடிஷன், குழுவுக்குள் இருப்பதோடு மட்டும்தான் சேரும். கீழே இருக்கும் வானத்தை அது பார்ப்பதில்லை. குழுவின் மோடையும் அடிஷன் ஆக்குங்கள், அல்லது குழு வரிசையில் இருக்கும் ‘பாஸ் த்ரூ’ குறியை அழுத்துங்கள்.

சேர்க்கை 2: 16 பிட்டில் வரைந்தும் இறுதிப் படத்தில் பட்டை தெரிகிறது என்று இன்னொருவர். ஏற்றுமதியில் 8 பிட்டுக்கு இறங்கியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே கருப்பு நிரப்பிய ஒரு லேயர், அதில் பொடிப் புள்ளிகளைத் தூவும் நாய்ஸ் ஃபில்டர், மோடு அடிஷன், ஒபாசிட்டி 2 சதவீதம். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொடி பட்டைகளின் விளிம்பை உடைத்துவிடும். பிஎன்ஜி ஆகவே சேமியுங்கள். கைப்பேசியில் யாருக்காவது அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள்; இல்லாவிட்டால் சுருங்கிப்போய்ப் பட்டைகள் மறுபடி வந்து நிற்கும்.