ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் உபுண்டுவும்: சஸ்பெண்ட், ஹைபர்னேட் செய்வது எப்படி?

வேலைக்கென்று பெங்களூர் வந்து பிடிஎம் லேஅவுட்டிலும் மாரத்தஹள்ளியிலும் பிஜியில் தங்கியிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலரிடம் ஒரே ஒரு லேப்டாப்தான் இருக்கும். எக்செல்லுக்கும் கேமுக்கும் விண்டோஸ், புரோகிராமிங் பழக உபுண்டு என்ற லினக்ஸ். இரண்டையும் போட்டுக்கொடுக்கும் ஆள் கிடைப்பது இங்கே கஷ்டமில்லை. ஆனால் எதில் வேலை செய்துவிட்டு எப்படி மூடி வைக்க வேண்டும் என்பதை யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி சேலம் பஸ்ஸில் பைக்குள் லேப்டாப் கொதிப்பதும், உபுண்டுவுக்குள் போனால் டி டிரைவ் திறக்க மறுப்பதும் அதனால்தான்.

முதலில் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்துவிடலாம். சஸ்பெண்ட் செய்தால், அதாவது விண்டோஸ் மெனுவில் ஸ்லீப் என்று இருப்பதைச் செய்தால், திறந்திருக்கும் வேலையெல்லாம் ரேமிலேயே இருக்கும். ரேமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். தட்டினால் ஓரிரு நொடியில் எழுந்துவிடும், ஆனால் பேட்டரி முழுதாகத் தீர்ந்தால் சேமிக்காத வேலை போச்சு. ஹைபர்னேட் செய்தால் ரேமில் இருப்பதை அப்படியே எஸ்எஸ்டியில் எழுதிவிட்டு லேப்டாப் முழுதாக அணைந்துவிடும். பேட்டரி செலவு கிட்டத்தட்ட இல்லை. எழுந்திருக்கத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

ஒரே சிஸ்டம் உள்ள லேப்டாப்பில் இதற்கு மேல் கவலைப்பட ஒன்றுமில்லை. இரண்டு சிஸ்டம் இருந்தால்தான் சிக்கல். ஹைபர்னேட் ஆன விண்டோஸ், டிரைவில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கையும் சேர்த்தே எழுதி வைத்துக்கொண்டு தூங்குகிறது. பல்லாங்குழியில் பாதி ஆட்டத்தில் எழுந்து போனவர், எந்தக் குழியில் எத்தனை முத்து என்று மனதில் வைத்துக்கொண்டு போவது போலத்தான். அவர் திரும்பி வருவதற்குள் உபுண்டு அந்த முத்துகளை மாற்றிவிட்டால், விண்டோஸ் பழைய கணக்கை நம்பியே மேலே எழுதும். ஃபைல்கள் கெடுவது அப்படித்தான். அதனால்தான் உபுண்டு அந்த டிரைவைத் திறக்க மறுக்கிறது. அதன் மேல் கோபப்படாதீர்கள், அது உங்கள் ஃபைல்களைக் காப்பாற்றுகிறது.

படி 1: ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணையுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

"நான் ஹைபர்னேட்டே செய்யவில்லை, ஷட் டவுன்தான் கொடுத்தேன்" என்பார்கள். விண்டோஸ் 8-இல் இருந்து ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன் ஆகியிருந்தால், நீங்கள் திறந்து வைத்த புரோகிராம்களை மட்டும் மூடிவிட்டு, விண்டோஸின் உள்பகுதியை ஹைபர்னேட் செய்துவிடும். அடுத்த முறை சீக்கிரம் எழ வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. பெயர்தான் ஷட் டவுன், நடப்பது அரைத் தூக்கம்.

அணைக்கும் வழி இது. விண்டோஸில் கண்ட்ரோல் பேனல் திறந்து பவர் ஆப்ஷன்ஸ் போங்கள். இடது பக்கம் "சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ" என்று ஒரு வரி இருக்கும். அதைத் தட்டினால் வரும் பக்கத்தின் கீழே "டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்" என்ற கட்டம் டிக் ஆகி, ஆனால் மங்கலாக, தட்ட முடியாதபடி இருக்கும். பலர் இங்கேயே திரும்பிவிடுகிறார்கள். அதே பக்கத்தின் மேலே, சின்னக் கேடயப் படத்தோடு "சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அனவெய்லபிள்" என்ற வரி இருக்கிறது பாருங்கள். அதைத் தட்டினால் மங்கல் போய்விடும். டிக்கை எடுத்து சேவ் கொடுங்கள். அந்த இடத்திலேயே ஹைபர்னேட் என்றும் ஒரு கட்டம் இருக்கும். விண்டோஸின் பவர் மெனுவில் ஹைபர்னேட் தெரிய வேண்டுமானால் அதற்கு டிக் போடுங்கள்.

விண்டோஸின் பெரிய அப்டேட் ஏதாவது வந்தால், அதற்குப் பிறகு ஒருமுறை இந்தப் பக்கத்தை எட்டிப் பாருங்கள். டிக் திரும்ப வந்திருக்கக்கூடும்.

மாற்ற வழியில்லாத லேப்டாப் என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. விண்டோஸில் ரீஸ்டார்ட் கொடுத்தால் அது எப்போதும் முழுதாக மூடிவிட்டுத்தான் திரும்பக் கிளம்பும். ஆகவே உபுண்டுவுக்குப் போகும்போது ஷட் டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுத்து மெனுவில் உபுண்டுவைத் தேர்ந்தெடுங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைத் தட்டினாலும் முழுதாகவே அணையும்.

படி 2: சஸ்பெண்டைச் சோதியுங்கள்

உபுண்டுவில் சஸ்பெண்டுக்குத் தனியாக எதையும் அமைக்க வேண்டாம். மேல் வலது மூலையில் பவர் படத்தைத் தட்டினால் சஸ்பெண்ட் இருக்கும். மூடியைச் சாத்தினாலும் அதுவேதான் நடக்கும். சஸ்பெண்டில் இருந்து எழும்போது எந்த சிஸ்டத்தில் விட்டீர்களோ அதற்கே நேராகத் திரும்பும், நடுவில் தேர்வு மெனு வராது. ஆகவே டூயல் பூட்டில், அதாவது இப்படி இரண்டு சிஸ்டம் போட்ட லேப்டாப்பில், சஸ்பெண்டால் டிரைவுக்கு ஆபத்தில்லை.

ஆனால் அது நிஜமாகவே தூங்குகிறதா என்று பாருங்கள். புதிய லேப்டாப்கள் பலவற்றில் பழைய ஆழ்ந்த தூக்கம் கிடையாது. திரை அணைந்திருந்தாலும் உள்ளே அரைகுறையாக விழித்திருக்கும். பை சூடாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். படுக்கப் போகும் முன் பேட்டரி சதவீதத்தைக் குறித்துக்கொண்டு, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, சஸ்பெண்ட் செய்துவிட்டுப் படுங்கள். காலையில் கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது என்றால் சரி. பாதியாகிவிட்டது என்றால் அந்த லேப்டாப்பை சஸ்பெண்டில் போட்டுப் பையில் வைக்கவே வேண்டாம். சில்க் போர்டு சிக்னலில் நிற்கும் நேரத்திலேயே அது சூடாகிவிடும்.

என்விடியா கார்டு உள்ள லேப்டாப்பில் எழுந்ததும் கறுப்புத் திரை மட்டும் தெரிந்தால், பெரும்பாலும் டிரைவர் கோளாறுதான். உபுண்டுவின் அடிஷனல் டிரைவர்ஸ் பகுதியில் வேறு பதிப்பை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

படி 3: ஹைபர்னேட், முதலில் விண்டோஸில் மட்டும்

ஹைபர்னேட் அவசியம் வேண்டும் என்றால் விண்டோஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் யோசனை. அங்கே எல்லாம் தயாராக இருக்கிறது. ரேமில் சுமார் 40 சதவீதம் அளவுக்கு ஒரு மறைவான ஃபைலை சி டிரைவில் அதுவே ஒதுக்கி வைத்திருக்கும். 16 ஜிபி ரேம் என்றால் 6 ஜிபிக்கு மேல் அதற்கே போகும். சின்ன எஸ்எஸ்டிக்காரர்கள் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விதி ஒன்றுதான்: எதை ஹைபர்னேட் செய்தீர்களோ, அடுத்து அதைத்தான் திறக்க வேண்டும். இங்கேதான் கை தவறும். ஹைபர்னேட் ஆன லேப்டாப்பை ஆன் செய்தால் வழக்கமான தேர்வு மெனுதான் வரும், பேசாமல் இருந்தால் சில நொடிகளில் முதலில் இருக்கும் உபுண்டுவே கிளம்பிவிடும். அப்படிக் கிளம்பிவிட்டால் பதற வேண்டாம். விண்டோஸின் டிரைவ் எதையும் திறக்காமல், எந்த அப்டேட்டும் ஓட்டாமல், ரீஸ்டார்ட் செய்து விண்டோஸுக்குப் போய்விடுங்கள். அப்டேட் கூடாது என்பதற்குக் காரணம், பூட் ஆவதற்கென்று எஸ்எஸ்டியில் பிரித்து வைத்திருக்கும் சின்னப் பகுதி, அதாவது பார்ட்டிஷன், இரண்டு சிஸ்டத்துக்கும் பொது. உபுண்டு அதிலும் எழுதக்கூடும்.

டி டிரைவ் திறக்கவில்லையே என்று இணையத்தில் தேடினால், ஹைபர்னேட் ஃபைலை அழித்துவிட்டுத் திறக்கும் ஒரு கட்டளை கிடைக்கும். அது வேலை செய்யும், ஆனால் விண்டோஸில் சேமிக்காமல் விட்டது எல்லாம் அதோடு போய்விடும். விண்டோஸுக்குள் போய் ஒரு ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு வந்தாலே டிரைவ் தானாகத் திறக்கும்.

படி 4: உபுண்டுவிலும் ஹைபர்னேட் வேண்டுமா?

பவர் மெனுவில் ஹைபர்னேட் இல்லையே என்று தேட வேண்டாம். 12.04 பதிப்பிலிருந்தே உபுண்டு அதை எடுத்துவிட்டது. எல்லா லேப்டாப்பிலும் ஒழுங்காக எழுவதில்லை என்பதுதான் காரணம்.

உபுண்டுவில் ரேமின் நகலை எழுதி வைக்கும் இடம் ஸ்வாப். இப்போதைய உபுண்டு, ஸ்வாப்பைத் தனிப் பார்ட்டிஷனாகப் போடாமல் ஒரு சின்ன ஃபைலாகப் போடுகிறது. அது ஹைபர்னேட்டுக்குப் போதாது, அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்பதையும் உபுண்டுவின் மையப் பகுதியான கர்னலுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். புதிதாக உபுண்டு போடப் போகிறவர்களுக்கு வேலை சுலபம்: இன்ஸ்டால் செய்யும்போதே பார்ட்டிஷனை நீங்களே பிரிக்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, ரேம் அளவுக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக ஒரு ஸ்வாப் பார்ட்டிஷன் ஒதுக்கிவிடுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள், லினக்ஸ் கை பழகும்வரை இதை விட்டுவிடலாம்.

இன்னொரு தடை செக்யூர் பூட், அதாவது நம்பகமான சிஸ்டத்தை மட்டும் கிளம்பவிடும் பாதுகாப்பு வசதி. அது ஆன் ஆகியிருந்தால் உபுண்டுவின் கர்னல் ஹைபர்னேட்டை அனுமதிக்காது. வட்டில் கிடக்கும் ரேம் நகலை யாராவது திருத்திவிட்டால், எழும்போது அந்தத் திருத்தம் கர்னலுக்குள்ளேயே வந்துவிடும் என்ற பயம். லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்ஸ் இருக்கும் பயாஸில் போய் அணைக்கலாம்தான். ஆனால் விண்டோஸில் டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால், அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளாமல் பயாஸ் பக்கம் போகாதீர்கள். செக்யூர் பூட் இல்லாமல் ஓடாத ஆன்லைன் கேம்களும் சில உண்டு.

இதெல்லாம் சரியாக இருந்தால் உபுண்டுவில் கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து சோதிக்கலாம். சுடோ என்று தட்டி ஓர் இடைவெளி, சிஸ்டம் என்ற ஆங்கிலச் சொல்லோடு ஒட்டியபடி சி, டி, எல், மறுபடி ஓர் இடைவெளி, பிறகு ஹைபர்னேட். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில். முதல் சோதனையின்போது முக்கியமான எதையும் திறந்து வைக்காதீர்கள். லேப்டாப் அணைந்த பிறகு ஆன் செய்து உபுண்டுவைத் தேர்ந்தெடுத்தால், விட்ட இடத்திலேயே ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். புதிதாக லாகின் கேட்டு வெறும் திரை வந்தால், எழுதியதை அது திரும்பப் படிக்கவில்லை என்று பொருள்.

அப்புறம், சிஸ்டம் மாறும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டினால் அதற்கும் தூக்கத்துக்கும் சம்பந்தமில்லை. லேப்டாப்புக்குள் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் இந்திய நேரமாகவும் உபுண்டு உலகப் பொது நேரமாகவும் படிக்கின்றன. விண்டோஸின் தேதி, நேர செட்டிங்ஸில் சிங்க் நவ் தட்டினால் அப்போதைக்குச் சரியாகும்.