பழைய பத்திரிகை அழகிகள்: ஓவியத் தாள் வாங்கும்போது செய்யக்கூடாதவை

1900 முதல் 1930 வரை அமெரிக்க, பிரெஞ்சுப் பத்திரிகைகளிலும் விளம்பரங்களிலும் வந்த நாகரிகப் பெண்களின் அச்சிட்ட ஓவியத் தாள்களை வாங்குகிறவர்கள் முதலில் சறுக்குவது பெயரில்தான். தூக்கிக் கட்டிய கொண்டையும் ஒடுங்கிய இடையும் தெரிந்தாலே ‘கிப்சன் கேர்ள்’ என்றுவிடுகிறார்கள். அந்தப் பெயருக்குக் காரணமான அமெரிக்க ஓவியர் சார்லஸ் டானா கிப்சனின் பெருமை பேனா மைக்கோட்டில் இருக்கிறது. சிவந்த கன்னத்தோடு வண்ணத்தில் இருந்தால் ஹாரிசன் ஃபிஷரோ ஹோவர்ட் சாண்ட்லர் கிறிஸ்டியோ வரைந்திருக்கலாம். கையெழுத்தைத் தேடிப் பாருங்கள். கிப்சன் வரைந்த ‘லைஃப்’ 1883இல் தொடங்கிய நகைச்சுவை இதழ். 1936இல் வந்த புகைப்பட இதழ் அந்தப் பெயரை விலைக்கு வாங்கிக்கொண்டது, அவ்வளவே.

அடுத்தது, அமெரிக்க ஓவியர் கோல்ஸ் பிலிப்ஸின் படங்களுக்கு இழைக்கப்படும் கொடுமை. 1908 முதல் ‘லைஃப்’ அட்டைகளில் அவர் ஆடைக்கும் பின்னணிக்கும் ஒரே நிறத்தைக் கொடுத்து, விளிம்புக் கோட்டை விட்டுவிட்டார். முகம், கை, காலணி, துணியில் ஓரிரு பூக்கள் மட்டுமே தெரியும். மீதி உடலை நம் கண்ணே வரைந்துகொள்ளும். மை மங்கிவிட்டது என்று நினைத்து, ஸ்கேன் செய்து கான்ட்ராஸ்ட்டைக் கூட்டி, உருவத்தை வெட்டியெடுத்து வேறு பின்னணியில் ஒட்டினால், அந்த அபாரமான உத்தியே போய்விடும்.

லென்ஸ் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். ஹாஃப்டோன் பிளாக்கில், அதாவது படத்தைச் சிறுசிறு புள்ளிகளாக மாற்றிய அச்சுத் தகட்டில், அடித்த தாளில் புள்ளிகள் வரிசை பிடித்து நிற்கும். கிப்சனின் பேனாப் படங்கள் பெரும்பாலும் லைன் பிளாக் (கோடுகளை அப்படியே பதிக்கும் அச்சுத் தகடு) என்பதால், கோட்டுக்குள் புள்ளி இல்லாமல் கெட்டிக் கறுப்பு இருக்கும். சிதறல் சிதறலாகப் பொடிப் புள்ளிகள் தெரிந்தால் அது இன்றைய இன்க்ஜெட் நகல். ‘கசெட் து பான் தோன்’ (1912–1925) என்ற பிரெஞ்சு ஃபேஷன் இதழில் ஜார்ஜ் பார்பியே போன்றோரின் படங்கள் ஸ்டென்சில் வைத்துக் கையால் வண்ணமிட்டவை. அங்கே வண்ணப் பரப்பில் புள்ளியே இராது. தூரிகைத் தடமும், ஓரத்தில் வண்ணம் சற்றுத் தடித்திருப்பதும் தெரியும். புள்ளி தெரிந்தால் அது பிற்கால மறுஅச்சு.

உடையை மட்டும் வைத்து ஆண்டைக் கணிக்காதீர்கள். பின்பக்க விளம்பரத்தையும் இதழின் பெயர் எழுதியிருக்கும் விதத்தையும் படியுங்கள். ‘ஹார்பர்ஸ் பஸார்’ என்ற அமெரிக்க ஃபேஷன் இதழின் பெயரில், பஸாரின் ஆங்கில எழுத்துகளில் மூன்றாவது ‘ஏ’ 1929இல்தான் சேர்ந்தது.

மரக்கூழ்த் தாளில் அமிலம் உண்டு. வெளிச்சம் பட்டால் பழுப்பேறி நொறுங்கும். லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப்பும் வேண்டாம். ஃபிரேம் போடுவதானால் அமிலமற்ற அட்டையை மவுண்ட்டாக வைத்து, கண்ணாடி தாளைத் தொடாதபடி இடைவெளி விடச் சொல்லுங்கள்.