புற்றுநோய்ச் சிகிச்சையின் செலவு: சிங்கப்பூரில் யாரிடம், எப்போது, எதைக் கேட்பது

புற்றுநோய் என்று உறுதியான பிறகு குடும்பம் முழுவதும் சிகிச்சையைப் பற்றியே பேசும்; பணத்தைப் பற்றிய பேச்சு முதல் கட்டணச் சீட்டு வீட்டுக்கு வரும்வரை தள்ளிப்போகும். ஆனால் சிங்கப்பூரில் கிடைக்கும் உதவிகளில் பெரும்பகுதி, சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே எடுக்கப்படும் சில முடிவுகளைப் பொறுத்தது. எந்த வழியாக மருத்துவமனைக்குள் நுழைகிறோம், எந்த வகுப்பு வார்டைக் கேட்கிறோம், எந்த மருந்து எழுதித் தரப்படுகிறது என்பவற்றைக் கட்டணம் ஏறிய பிறகு மாற்றுவது கடினம்.

முதலில் நுழைவு. பலதுறை மருந்தகம் எனப்படும் அரசாங்கப் பாலிகிளினிக்கிலிருந்தோ, சாஸ் எனும் மருத்துவ மானியத் திட்டத்தின் அட்டை வைத்திருப்பவர் அத்திட்டத்தில் உள்ள தனியார் மருந்தகத்திலிருந்தோ பரிந்துரைக் கடிதம் பெற்று அரசாங்க மருத்துவமனையின் சிறப்பு மருத்துவரைப் பார்த்தால், அவர் மானியம் பெறும் நோயாளியாகக் கணக்கிடப்படுவார். குறிப்பிட்ட மருத்துவர்தான் வேண்டும் என்று நேராக முன்பதிவு செய்பவர் தனியார் நோயாளி ஆகிவிடுகிறார். அதன் பின் வரும் ஸ்கேன், பரிசோதனை, மருந்து எல்லாவற்றுக்கும் அந்தக் கட்டணமே தொடரும். தேசியப் புற்றுநோய் நிலையத்திலும் தேசியப் பல்கலைக்கழகப் புற்றுநோய்க் கழகத்திலும் மானிய நோயாளிகளைப் பார்ப்பவர்களும் அதே துறையின் சிறப்பு மருத்துவர்கள்தாம். மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமைதான் இல்லையே தவிர, சிகிச்சை குறைந்தது அல்ல. “பெரிய டாக்டரிடமே காட்டிவிடலாம்” என்று அவசரப்படும் உறவினர்களுக்கு இதை ஒருமுறை பொறுமையாக எடுத்துச் சொல்வது நல்லது. ஏற்கனவே தனியார் நோயாளியாகப் பதிவாகியிருந்தால் மானிய நிலைக்கு மாறக் கோரலாம். ஆனால் அதற்குக் குடும்பத்தின் பணநிலையை மதிப்பிடுவார்கள், காலமும் பிடிக்கும்.

வார்டைப் பொறுத்தவரை, பி2, சி வகுப்புகளுக்குத்தான் பெரிய மானியம் உண்டு. மானிய விகிதம் வீட்டில் உள்ளவர்களின் தலைக்கு விழும் வருமானத்தைக் கொண்டு முடிவாகிறது. குடிமக்களைவிட நிரந்தரவாசிகளுக்கு இது குறைவு.

அடுத்து, கட்டணம் எந்த வரிசையில் குறைகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் குழப்பம் பாதியாகக் குறையும். முதலில் அரசாங்க மானியம் கழிக்கப்படும். மிச்சத்துக்கு மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி பணம் தரும். 2015 நவம்பரில் தொடங்கிய இத்திட்டத்தில் குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவரும், முன்பே நோயுள்ளவர்கள் உட்பட, தாமாகவே சேர்க்கப்பட்டுள்ளனர். அதற்கும் மேற்பட்டதை மெடிசேவ் எனும், மத்திய சேமநிதியில் உள்ள மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டலாம். நோயாளியின் கணக்கில் பணம் இல்லையென்றால் கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரின் கணக்கையும் பயன்படுத்தலாம். ஓர் எடுத்துக்காட்டு: வெளிநோயாளியாகப் பெறும் மருந்துச் சிகிச்சைக்கு மானியம் போக மாதம் 2,000 வெள்ளி ஆகிறது, அந்த மருந்துக்கான காப்புறுதி வரம்பும் அதைவிட உயர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். காப்புறுதி 1,800 வெள்ளியை ஏற்கும். நோயாளியின் பங்கான 10 விழுக்காடு, அதாவது 200 வெள்ளி, மெடிசேவிலிருந்து போகும். கையிலிருந்து ஒன்றும் தர வேண்டியதில்லை.

இந்தக் கணக்கு சரியாக வர வேண்டுமானால் மருந்து பட்டியலில் இருக்க வேண்டும். 2022 செப்டம்பர் 1 முதல், சுகாதார அமைச்சின் புற்றுநோய் மருந்துப் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டுமே மெடிஷீல்டு லைஃபும் மெடிசேவும் பணம் தருகின்றன. அதற்கு முன் எல்லா மருந்துக்கும் மாதம் 3,000 வெள்ளி என்ற ஒரே வரம்பு இருந்தது. இப்போது மருந்துக்கு மருந்து வரம்பு வேறுபடுகிறது. மாதம் 200 வெள்ளியில் தொடங்கி 9,600 வெள்ளிவரை அது இருக்கிறது. மெடிசேவில் மருந்தைப் பொறுத்து மாதம் 600 அல்லது 1,200 வெள்ளிவரை எடுக்கலாம். பட்டியலில் மருந்தின் பெயர் இருப்பது மட்டும் போதாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை: எந்த வகைப் புற்றுநோய்க்கு, எந்த நிலையில், எந்த மருந்தோடு சேர்த்துத் தரப்படுகிறது என்பதும் பொருந்த வேண்டும். நுரையீரல் புற்றுநோய்க்கு ஏற்கப்பட்ட மருந்து வேறொரு புற்றுநோய்க்கு எழுதப்பட்டால் காப்புறுதி ஒரு காசும் தராமல் போகலாம். ஆகவே மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: “டாக்டர், எங்கள் அப்பாவின் நோய்க்கு இந்த மருந்து பட்டியலில் இருக்கிறதா? இல்லையென்றால் பட்டியலில் உள்ள வேறு மருந்து பொருந்துமா?” இதைக் கேட்பது மருத்துவரைச் சந்தேகிப்பது ஆகாது. அவர்களும் இந்தக் கேள்வியை எதிர்பார்த்தே இருப்பார்கள்.

மெடிஷீல்டு லைஃபுக்கு மேல் கூடுதல் காப்பு தரும், தனியார் காப்புறுதி நிறுவனத்தின் ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டம் வைத்திருப்பவர்களுக்கும் 2023 ஏப்ரல் முதல் இதே பட்டியல்தான் அடிப்படை. பட்டியலில் இல்லாத மருந்துக்கு ரைடர் எனப்படும் துணைக் காப்புறுதி உதவக்கூடும். முகவரை அழைத்து வாய்மொழியாகக் கேட்டு விட்டுவிடாமல், பதிலை எழுத்தில் பெறுங்கள். தீவிர நோய்க் காப்புறுதி தனியாக இருந்தால் அதையும் அப்போதே எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் வரும் தொகை ரொக்கம் என்பதால் மருத்துவச் செலவுக்கு மட்டுமின்றி வீட்டுச் செலவுக்கும் உதவும்.

இத்தனைக்குப் பிறகும் கட்ட முடியாத நிலையில் செல்ல வேண்டிய இடம் மருத்துவச் சமூக ஊழியரின் அறை. சொல்லப்போனால் அங்கே கடைசியாக அல்ல, முதலிலேயே போக வேண்டும். அரசாங்க மருத்துவமனைகளில் எல்லாம் இவர்கள் இருக்கிறார்கள். தாதியிடம் சொன்னாலே சந்திப்புக்கு ஏற்பாடு செய்து தருவார்கள். 1993ல் அமைக்கப்பட்ட மெடிஃபண்ட் நிதிக்கு இவர்கள் வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். அது குடிமக்களுக்கு மட்டுமே உரியது. மானியச் சிகிச்சை பெற்று, காப்புறுதியும் மெடிசேவும் போக மீதியைக் கட்ட இயலாதவர்களுக்காக ஏற்பட்டது. மானிய மருந்துகளுக்குள் அடங்காத சில விலையுயர்ந்த மருந்துகளுக்கு மருந்து உதவி நிதியும் உண்டு.

சந்திப்புக்குப் போகும்போது அடையாள அட்டை, வீட்டில் சம்பாதிப்பவர்களின் சம்பளச் சீட்டு, மத்திய சேமநிதிக் கணக்கு விவரம், வங்கிக் கணக்கு அறிக்கை, காப்புறுதிப் பத்திரங்கள் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். சேமநிதி விவரங்களைச் சிங்பாஸ் எனும் அரசாங்க மின்னடையாளம் மூலம் வீட்டிலிருந்தே எடுத்துவிடலாம். முதியவருக்கு ஆங்கிலம் வராவிட்டால் மொழிபெயர்ப்புக்கு உதவி கேளுங்கள். பேரப்பிள்ளையை நடுவில் உட்கார வைத்து நோயின் விவரங்களைச் சொல்ல வைப்பது யாருக்கும் நல்லதல்ல. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். “சமாளித்துக்கொள்வோம், அண்ணன் பார்த்துக்கொள்வார்” என்று மானத்துக்கு அஞ்சிச் சொல்லப்படும் ஒரு வார்த்தை, குறிப்பேட்டில் உதவி தேவையில்லை என்று பதிவாகிவிடும். அண்ணன் உண்மையில் எவ்வளவு தருகிறார், அவருக்கு எத்தனை பிள்ளைகள், வீட்டுக் கடன் எவ்வளவு என்பதை அப்படியே சொல்வதே விண்ணப்பத்துக்கு வலு.

சிகிச்சைச் செலவைவிடச் சில குடும்பங்களை அதிகமாக வாட்டுவது வருமானம் நின்றுபோவதுதான். வேலை நியமனச் சட்டத்தின்படி, ஆறு மாதம் பணியாற்றிய ஊழியருக்கு ஆண்டுக்கு 14 நாள் மருத்துவ விடுப்பும், மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அந்த 14 நாளையும் சேர்த்து 60 நாள்வரை சம்பளத்துடன் விடுப்பும் உண்டு. அதற்கு மேல் வீட்டுச் செலவுக்கும், மின்சாரம் தண்ணீர்க் கட்டணத்துக்கும், நகர மன்றக் கட்டணத்துக்கும் வட்டார சமூக சேவை அலுவலகத்தில் காம்கேர் எனும் அரசாங்கப் பண உதவி கேட்கலாம். அதன் தொலைபேசி எண் 1800-222-0000. வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருந்தால் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் குடும்பச் சேவையையும் கல்வி உதவிகளையும் அணுகுவது பயன் தரும்.

பலர் மறந்துவிடும் இரு காப்புறுதிகள் சேமநிதிக் கழகத்தோடு தொடர்புடையவை. நோய் முற்றி மரணம் நெருங்கிய நிலை என மருத்துவர் சான்றளித்தால், சார்ந்தோர் பாதுகாப்புத் திட்டம் 60 வயதுவரை 70,000 வெள்ளியும் அதன்பின் 65 வயதுவரை 55,000 வெள்ளியும் தரும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடனுக்கான வீட்டுப் பாதுகாப்புத் திட்டமும் அதே நிலையில் கடனை அடைக்க முன்வரும். இறந்த பிறகுதான் பணம் வரும் என்று நினைத்துக் குடும்பத்தினர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

குளித்தல், உடுத்துதல், உண்ணுதல், கழிப்பறை செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் மூன்றையேனும் தாமாகச் செய்ய இயலாதவருக்குக் கேர்ஷீல்டு லைஃப் எனும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி, வீட்டுப் பராமரிப்பு மானியம் போன்றவை மாதந்தோறும் ரொக்கம் தருகின்றன. ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு இவற்றுக்கு உரிய விண்ணப்பங்களைக் கவனிக்கிறது. 1964ல் தொடங்கிய சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் வசதி குறைந்தவர்களுக்குப் பண உதவியும், சிகிச்சைக்குப் பின் உடலைத் தேற்றிக்கொள்ளும் பயிற்சியும் அளிக்கிறது. சிறு பிள்ளைகளுக்குச் சிறார் புற்றுநோய் அறநிறுவனம் இருக்கிறது. நோய் முற்றியவருக்கு எச்சிஏ (HCA) போன்ற அந்திமகாலப் பராமரிப்பு அமைப்புகளின் தாதியரும் மருத்துவரும் வீட்டுக்கே வந்து, கட்டணமின்றி வலி குறைக்கும் பராமரிப்பைத் தருகிறார்கள்.

வேலை அனுமதிச் சீட்டில் வந்து உழைக்கும் நம் ஊர்த் தம்பிகளின் நிலை வேறு. மேலே சொன்ன மானியமோ மெடிஃபண்டோ அவர்களுக்கு இல்லை. அவர்களின் மருத்துவச் செலவுக்கு முதலாளியே பொறுப்பு. 2023 ஜூலை 1 முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்குக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் காப்புறுதி மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் ஒருநாள் அறுவை சிகிச்சைக்கும் உரியது; வெளிநோயாளியாகப் பெறும் கீமோதெரபி அதில் வராமல் போகலாம். முதலாளி கைவிரித்தால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தையோ, அவர்களுக்கு மருத்துவ உதவி செய்யும் ஹெல்த்சர்வ் தொண்டு அமைப்பையோ உடனே அணுக வேண்டும். எதற்கும் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டாம். ஊருக்குத் திரும்பிச் சிகிச்சை பெறுவது என்று முடிவானால், மருத்துவ அறிக்கையோடு ஸ்கேன் படங்களின் குறுந்தகடு, திசுப் பரிசோதனை அறிக்கை, கேட்டால் தரப்படும், மெழுகில் பதித்துப் பாதுகாத்த திசு மாதிரிகள், இதுவரை கொடுத்த மருந்துகளின் அளவும் தேதியும் அடங்கிய குறிப்பு ஆகிய நான்கையும் கையோடு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இவை இருந்தால் அடையாற்றிலோ மதுரையிலோ உள்ள மருத்துவர் அதே பரிசோதனைகளை மறுபடியும் செய்யாமல் சிகிச்சையைத் தொடர முடியும்.