மீன் தொட்டிக்கான வாட்டர் கண்டிஷனர்: தண்ணீரை அறிந்து தேர்ந்தெடுத்து, அளந்து ஊற்றும் முறை

மீன் தொட்டியில் வாரத்திற்கு ஒருமுறை ஏறக்குறைய கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும் என்பதை ஏற்கெனவே அறிந்திருக்கும் புதியவர்களுக்காக இந்தச் செய்முறையை எழுதுகிறேன். வாட்டர் கண்டிஷனர் என்பது, புதிதாக ஊற்றும் தண்ணீரில் உள்ள குளோரினை நீக்கும் மருந்து. சென்னையில் என் வீட்டின் கீழ்நிலைத் தொட்டியில் மெட்ரோ வாட்டரும் போர்வெல் தண்ணீரும் ஒன்றாகக் கலக்கின்றன. கோடையில் லாரித் தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. இப்படி வாரத்திற்கு வாரம் மாறும் தண்ணீருக்கு எந்தக் கண்டிஷனர், எவ்வளவு என்ற கேள்விக்கு எந்த பாட்டிலின் லேபிளிலும் முழு விடை கிடைக்கவில்லை. தண்ணீரைச் சோதித்துப் பார்த்த பிறகே கிடைத்தது. ஆகவே இந்தச் செய்முறையும் சோதனையிலிருந்துதான் தொடங்குகிறது.

குடிநீரில் நோய்க்கிருமி வளராமல் இருக்கக் குளோரின் சேர்க்கிறார்கள். இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயமான ஐஎஸ் 10500, வீட்டுக் குழாயை வந்தடையும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்கிறது. நமக்குப் பாதுகாப்பாக இருக்கும் அதே குளோரின் மீனின் செவுள் இழைகளை அரித்துவிடும். மீன் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதும், துடுப்புகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்வதும் அதன் அடையாளங்கள். மீனுக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும், ஃபில்டரின் பஞ்சில் குடியிருந்து அமோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் பாதிக்கப்படும். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் அலசக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள்.

முதல் படி: தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

போர்வெல் தண்ணீர் மட்டுமே புழங்கும் வீட்டில், யாரும் பிளீச்சிங் பவுடர் போடாதவரை, குளோரின் இருக்காது, கண்டிஷனரும் தேவையில்லை. நிலத்தடி நீரில் ஆக்சிஜன் குறைவாகவும் கரியமில வாயு கூடுதலாகவும் இருக்கக்கூடும் என்பதால், வாளியில் ஏர் ஸ்டோன் (ஏர் பம்பின் காற்றைச் சிறு குமிழிகளாக விடும் கல்) போட்டு ஓர் இரவு குமிழி விடச் செய்தால் போதும். மெட்ரோ வாட்டர், நகராட்சிக் குடிநீர், லாரித் தண்ணீர் ஆகிய மூன்றிலும் குளோரின் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். லாரித் தண்ணீர்தான் இவற்றில் நம்ப முடியாதது: ஒரு நடையில் மணமே இருக்காது, அடுத்த நடையில் மூடியைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும்.

கண்டிஷனர் உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடினத்தன்மையையோ டிடிஎஸ் அளவையோ (கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) அது குறைப்பதில்லை. பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் தண்ணீர், கண்டிஷனர் இட்ட பிறகும் அப்படியேதான் படிவு விடும்.

இரண்டாம் படி: சோதனை

என் கருத்தில் இந்தச் செய்முறையிலேயே முக்கியமான படி இதுதான். பெரும்பாலானவர்கள் தாண்டிச் செல்லும் படியும் இதுதான். நீச்சல் குளக் கடைகளிலும் இணையக் கடைகளிலும் ‘ஓடிஓ’ குளோரின் கிட் என்று கேட்டால் கிடைக்கும். சிறு கண்ணாடிக் குழாயில் குறிப்பிட்ட கோடு வரை தண்ணீர் பிடித்து, கிட்டில் சொல்லியுள்ள எண்ணிக்கையில் சொட்டுகளை விட்டால், குளோரினின் அளவுக்கு ஏற்ப வெளிர் மஞ்சளிலிருந்து அடர் மஞ்சள் வரை நிறம் எழும். குளோரின் மிக அதிகமாக இருந்தால் ஆரஞ்சு நிறத்திற்கே போய்விடும். குழாயின் பின்னால் வெள்ளைத்தாளை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் கிட்டில் உள்ள நிற அட்டையோடு ஒப்பிடுங்கள். டியூப் லைட்டுக்குக் கீழே வெளிர் மஞ்சளும் நிறமின்மையும் ஒன்றுபோலத் தெரியும். சோதனை முடிந்த நீரைத் தொட்டிக்கு அருகில் கொண்டுபோகாமல் சாக்கடையில் ஊற்றிவிட்டுக் கையைக் கழுவுங்கள்; அந்த மருந்து நச்சுத்தன்மை உடையது. பணம் சற்றுக் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தவர்களுக்கு, இளஞ்சிவப்பு நிறம் காட்டும் ‘டிபிடி’ சோதனையையே பரிந்துரைப்பேன். அது தனிக் குளோரினையும் (எதனோடும் சேராதது), அமோனியாவோடு சேர்ந்ததையும் உள்ளடக்கிய மொத்தக் குளோரினையும் வெவ்வேறாகக் காட்டும். நனைத்து எடுக்கும் காகிதப் பட்டைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம் ஊர் ஈரக் காற்றில், டப்பாவைத் திறந்த சில மாதங்களிலேயே அவற்றின் நிறம் மங்கிவிடுகிறது.

எந்தத் தண்ணீரைச் சோதிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். மேல்நிலைத் தொட்டியில் ஒரு நாள் வெயிலில் கிடந்த தண்ணீரில் குளோரின் பெருமளவு குறைந்திருக்கும். தெருக்குழாயிலிருந்து நேராக வரும் தண்ணீரில் முழுதாக இருக்கும். இரண்டையும் சோதித்து, கூடுதலாக வரும் எண்ணையே கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்திலும் வெள்ளத்திற்குப் பிறகும் குளோரின் அளவைக் கூட்டுவது வழக்கம் என்பதால், பருவம் மாறும்போது மறுபடியும் சோதிக்க வேண்டும்.

மூன்றாம் படி: குளோரினா, குளோரமினா?

குளோரினோடு அமோனியாவையும் சேர்த்தால் குளோரமின் உருவாகிறது. நீண்ட குழாய்களில் நெடுநேரம் தங்கும் என்பதால் சில நகரங்கள் இதையே பயன்படுத்துகின்றன. சிங்கப்பூரிலும் டொரன்டோவிலும் குழாய் நீரில் இருப்பது குளோரமின். அங்கிருந்து இதைப் படிப்பவர்கள் இந்தப் படியை ஊன்றிப் படியுங்கள். தமிழ்நாட்டில் பொதுவாகக் காண்பது குளோரின், பிளீச்சிங் பவுடர், ஹைப்போகுளோரைட் ஆகியவைதாம். ஆயினும் தண்ணீரில் ஏற்கெனவே அமோனியா கலந்திருந்தால், குளோரின் அதோடு சேர்ந்து தானாகவே ஓரளவு குளோரமினாக மாறிவிடும்.

வீட்டிலேயே கண்டறியும் வழி எளிது. ஒரு வாளித் தண்ணீரில் ஏர் ஸ்டோன் போட்டு இரண்டு நாள் விடுங்கள். குளோரின் காற்றோடு வெளியேறிவிடும். குளோரமின் அவ்வளவு எளிதில் வெளியேறாது. இரண்டு நாளுக்குப் பிறகும் ஓடிஓ சொட்டு மஞ்சள் காட்டினால், அந்தத் தண்ணீரில் குளோரமின் இருப்பதாகவே கொள்ளுங்கள். சொட்டு விட்டவுடன் மஞ்சள் எழுவது தனிக் குளோரினுக்கும், சில நிமிடங்கள் கழித்து மெல்ல மெல்ல அடர்ந்துகொண்டே போவது குளோரமினுக்கும் அடையாளம். இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு குழப்பம் வராது.

இதில் ஏன் இவ்வளவு நேரம் செலவிட வேண்டும் என்றால், கண்டிஷனர் குளோரமினை உடைக்கும்போது அதிலிருந்த அமோனியா தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரமின் உள்ள நீரில், ஏறக்குறைய 0.4 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் விடுபடும். அந்த அமோனியாவில் எத்தனை பங்கு நஞ்சாக இருக்கும் என்பதைத் தண்ணீரின் பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) தீர்மானிக்கிறது: 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு, பிஎச் 8 என்றால் நூற்றில் ஐந்து பங்குக்குச் சற்று மேல். கால் பங்கு நீரை மட்டும் மாற்றினால், நன்கு பழகிய ஃபில்டர் இந்த அமோனியாவைச் சமாளித்துவிடும். புதிதாக அமைத்த தொட்டியில், அதுவும் பிஎச் கூடுதலாக உள்ள ஊரில், சமாளிக்காது.

நான்காம் படி: எதை வாங்குவது?

குளோரின் மட்டும் உள்ள தண்ணீருக்குச் சோடியம் தயோசல்பேட் போதும். கடையில் ‘ஆன்டி குளோரின்’ என்ற பெயரில் சிறு பாட்டிலிலும், ‘ஹைப்போ’ என்ற பெயரில் கற்கண்டு போன்ற படிகங்களாகவும் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். சென்னையில் கொளத்தூர் மீன் கடைகளில் இது மலிவாகக் கிடைக்கிறது. ஹைப்போ என்று சொல்லி வாங்கும்போது சோடியம் தயோசல்பேட் என்று பையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பிளீச்சிங் திரவமான ஹைப்போகுளோரைட்டையும் சிலர் சுருக்கமாக ஹைப்போ என்றே அழைக்கிறார்கள், அது மீனுக்கு எமன்.

குளோரமின் உள்ள தண்ணீருக்கும் புதிய தொட்டிக்கும் சீக்கெம் ப்ரைம் போன்ற அடர்த்தியான கண்டிஷனரை வாங்குவேன். இதன் அளவு 200 லிட்டருக்கு 5 மில்லி. 20 லிட்டர் வாளிக்கு அரை மில்லிதான். ஒரு பாட்டில் நெடுநாள் வரும் என்பதால், விலை கூடுதலாகத் தெரிந்தாலும் லிட்டர் கணக்கில் பார்த்தால் கட்டுபடியாகும். திறந்தால் கந்தக வாடை அடிக்கும். அது கெட்டுப்போனதன் அறிகுறி அன்று. அமோனியாவைத் தற்காலிகமாகக் கட்டிவைக்கும் என்று அந்த நிறுவனம் சொல்வதை மட்டும் நம்பித் தண்ணீர் மாற்றாமல் இருந்துவிடாதீர்கள். அமோனியாவை அகற்றும் வேலை ஃபில்டருடையது.

சோற்றுக்கற்றாழைச் சாறு சேர்த்த கண்டிஷனர்கள் மீனின் வழவழப்புப் பூச்சைக் காக்கும் என்று விளம்பரப்படுத்தப்படுகின்றன. குளோரினை நீக்கினாலே அந்தப் பூச்சு தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்பதால் நான் அவற்றை வாங்குவதில்லை. செம்பு போன்ற உலோகங்களைப் பிடித்துவைக்கும் இடிடிஏ சேர்த்தவை, இறால் வளர்ப்பவர்களுக்கு உண்மையிலேயே பயன்படும். ஆன்டி குளோரினோடு கடைக்காரர் சேர்த்துக் கொடுக்கும் நீல நிற பாட்டில் பெரும்பாலும் மெத்திலீன் ப்ளூ. அது மருந்து, கண்டிஷனர் அன்று. நோய் இல்லாத தொட்டியில் ஊற்றினால் ஃபில்டர் பாக்டீரியாவைக் கெடுக்கும். அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: படிகத்தைக் கரைசலாக்குதல்

படிகத்தை அப்படியே ‘ஒரு சிட்டிகை’ போடுவதை விட்டுவிடுங்கள். 10 கிராம் படிகத்தை எடைபோட்டு, ஆர்ஓ அல்லது காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, மொத்தம் 100 மில்லியாக்குங்கள். இப்போது ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். ஒரு மில்லிகிராம் குளோரினை நீக்க ஏறக்குறைய 7 மில்லிகிராம் படிகம் போதும் என்று கணக்கிட்டால், லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் உள்ள 20 லிட்டர் வாளிக்கு 280 மில்லிகிராம் வேண்டும். அதாவது ஏறக்குறைய 3 மில்லி கரைசல். மருந்துக் கடையில் கிடைக்கும் 5 மில்லி ஊசிக்குழலை, ஊசியைக் கழற்றிவிட்டு, இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். கரைசலைப் பழுப்பு நிற பாட்டிலில் நிழலில் வைத்திருங்கள். கலங்கியோ, அடியில் வெளிர் மஞ்சள் கந்தகம் படிந்தோ காணப்பட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

ஆறாம் படி: ஊற்றுதல்

தொட்டியின் உள்ளளவைச் சென்டிமீட்டரில் அளந்து, நீளம், அகலம், நீர்மட்ட உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். கடையில் இரண்டடித் தொட்டி என்று சொல்லி விற்கும் 60, 30, 30 அளவுத் தொட்டி விளிம்பு வரை 54 லிட்டர் கொள்ளும். சரளையும் கல்லும் போக அதைவிடக் குறையும்.

வாளியில் பக்குவப்படுத்தி ஊற்றுவதையே நான் விரும்புகிறேன். சோப்பே படாத ஒரு வாளியை ஒதுக்கி, உட்புறத்தில் 10, 15, 20 லிட்டர் கோடுகளை அழியாத மார்க்கரால் போட்டுவிடுங்கள். தண்ணீர் பிடித்து, கண்டிஷனர் விட்டு, நன்றாகக் கலக்கி, ஐந்து நிமிடம் வையுங்கள். பிறகு அந்த வாளி நீரைக் கிட்டின் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஓடிஓ சொட்டு விடுங்கள். நிறமே எழவில்லை என்றால் தொட்டியில் மெல்ல ஊற்றலாம்; மஞ்சள் எழுந்தால் இன்னொரு மில்லி சேர்த்து மறுபடியும் சோதியுங்கள். புதிய பாட்டில் வாங்கும்போதும் தண்ணீர் மூலம் மாறும்போதும் மட்டும் இந்தச் சரிபார்ப்பைச் செய்தால் போதும்.

பெரிய தொட்டிக்கு ஓஸ் பைப் வைத்து நேராக நிரப்புபவர்கள், கண்டிஷனரை முதலில் தொட்டியில் விட்டுவிட்டுப் பிறகு தண்ணீரைத் திறக்க வேண்டும். அளவையும் ஊற்றப்போகும் தண்ணீருக்கு மட்டுமன்றி, தொட்டியின் முழுக் கொள்ளளவுக்கும் கணக்கிட வேண்டும். ஏனெனில் விட்ட கண்டிஷனர் பழைய தண்ணீரிலும் பரவி நீர்த்துப்போகிறது. அளவு சற்றுக் கூடினால் ஆபத்தில்லை. பலமடங்கு கூட்டினால் தண்ணீரின் ஆக்சிஜன் குறையக்கூடும் என்பதால், நிரப்பும்போது ஏர் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கட்டும். மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டியிலிருந்து நண்பகலில் வரும் தண்ணீர் சுடும் என்பதால், காலையிலேயே மாற்றிவிடுங்கள்.

பிற்சேர்க்கை

வாசகர் ஒருவர், போர்வெல் தண்ணீரிலும் ஓடிஓ சொட்டு மஞ்சள் காட்டுகிறதே என்று கேட்டிருந்தார். இரும்பும் நைட்ரைட்டும் அந்தச் சோதனையில் போலி மஞ்சளை உண்டாக்கும். அதே தண்ணீரில் தயோசல்பேட் விட்டு மறுபடியும் சோதித்தபோதும் மஞ்சள் மாறவில்லை என்றால், அது குளோரினால் வந்ததன்று. கண்டிஷனர் விட்ட பிறகு அமோனியா அளவு திடீரென ஏறியதாக இன்னொருவர் எழுதினார். அவர் பயன்படுத்தியது நெஸ்லர் வகை அமோனியா சோதனைக் கிட். கண்டிஷனரோடு சேரும்போது அது தவறான அளவைக் காட்டும். பச்சை நிறம் காட்டும் சாலிசிலேட் கிட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

செம்பு கலந்த மருந்தால் வெண்புள்ளி நோய்க்குச் சிகிச்சை நடக்கும் தொட்டியில் ப்ரைம் போன்ற கண்டிஷனரை நேராக விடலாமா என்றும் கேட்டிருக்கிறார்கள். விடக் கூடாது; அது செம்பை மீனுக்கு மேலும் நஞ்சாகும் வடிவத்திற்கு மாற்றிவிடும். சிகிச்சை முடியும்வரை, ஏர் ஸ்டோன் போட்டு இரண்டு நாள் வைத்து, குளோரின் இல்லை என்று சோதித்த தண்ணீரையே ஊற்றுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் பிளீச்சிங் பவுடர் போட்டு மேல்நிலைத் தொட்டியைக் கழுவும் நாளைக் காவலாளியிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வரும் தண்ணீரில் ஓடிஓ சொட்டு ஆரஞ்சு நிறம் காட்டினால், கண்டிஷனரைக் கூட்டிச் சரிக்கட்டப் பார்க்க வேண்டாம். தண்ணீர் மாற்றுவதை இரண்டு மூன்று நாள் தள்ளிப்போட்டு, அதுவரை தீவனத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.